பாட்டிலில் பெயர் இருக்கிறது, உள்ளே இருப்பதை அவர் பார்த்ததில்லை: யார் இந்த ஜானி வாக்கர்?

சனிக்கிழமை ராத்திரி, ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் டேபிள். அதில் ஒருத்தர் காலேஜ் காலத்திலிருந்து பீர் மட்டுமே குடிப்பவர். இந்த முறை மெனுவைப் புரட்டிவிட்டு, தொண்டை எரியாத மாதிரி, ஸ்மூத்தா ஒரு விஸ்கி சொல்லுங்கப்பா என்கிறார். பக்கத்தில் இருப்பவர் யோசிக்காமல் சொல்லும் பதில், பத்தில் எட்டு முறை, ஜானி வாக்கர்.

அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருத்தர் இருந்தார். ஸ்காட்லாந்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். இன்று அவர் பெயரில் உலகம் முழுக்க விற்கும் கலவை விஸ்கியை அவர் தயாரிக்கவில்லை. அதைப் பெரிய அளவில் கலந்து விற்க வழிசெய்த சட்டம் வந்தபோது அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்படியென்றால் நாம் ‘ஸ்மூத்’ என்று தேடும் விஷயம் எங்கிருந்து வந்தது? அதற்கு அவருடைய கதையைக் கொஞ்சம் பார்க்கணும். வேறொருத்தர் கதையும் நடுவில் வரும்.

பண்ணை போய், கடை வந்தது

ஜான் வாக்கர் 1805 ஜூலை 25-ம் தேதி, ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் கில்மார்னக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1819-ல் அப்பா அலெக்சாண்டர் இறந்துபோனார். மகன் அப்போது பதின்மவயதுப் பையன். நிலத்தை வைத்து விவசாயம் செய்ய ஆள் இல்லை. பண்ணையை விற்றார்கள். கிடைத்த பணத்தில் 417 பவுண்டை, சொத்தைக் கவனித்த பொறுப்பாளர்கள் கில்மார்னக்கில் ஒரு மளிகைக்கடையில் போட்டார்கள். 1820-ல் 15 வயதில் ஜான் கல்லாவில் உட்கார்ந்தார்.

இதை ஒரு ‘ஸ்டார்ட்அப்’ கதையாகச் சொல்வது பிராண்டுக்கு வசதி. நிஜத்தில் அது ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்தும் ஒரே கடையில் முடங்கிய கதை. கடை படுத்தால் திரும்பிப் போக நிலம் இல்லை.

தேயிலை, மசாலா, சர்க்கரை, ஒயின் என்று அந்தக் காலத்து மளிகைக்கடையில் என்னவெல்லாம் இருக்குமோ அதெல்லாம் இருந்தது. 1825 வாக்கில் ரம், பிராந்தி, ஜின், விஸ்கியும் விற்றார். அந்த வருஷக் கணக்கு தற்செயல் இல்லை. 1823-ல் பிரிட்டிஷ் அரசு சாராயம் காய்ச்சுவதற்கான வரியைப் பெரிய அளவில் குறைத்து, 10 பவுண்டு லைசென்ஸ் கட்டினால் யாரும் சட்டப்படி தொழில் செய்யலாம் என்று கதவைத் திறந்திருந்தது. அதுவரை ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் பெரும்பாலும் திருட்டுத்தனமாகக் காய்ச்சப்பட்ட சரக்கு, இனி ரசீதோடு கடைக்கு வர ஆரம்பித்தது.

ஆனால் வந்த சரக்கு ஒரே மாதிரி இல்லை. இதுதான் அன்றைய மளிகைக்காரர்களின் தலைவலி. ஒரு பீப்பாய் புகை நாற்றம் அடிக்கும். அடுத்தது தொண்டையைக் கிழிக்கும். போன மாதம் நல்லா இருந்ததே என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் கிடையாது. தேயிலையில் இந்தப் பிரச்சினைக்கு அவர்களிடம் ஏற்கெனவே தீர்வு இருந்தது. வெவ்வேறு மூட்டைகளைக் கலந்து, ருசியை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது. விஸ்கியிலும் அதையே செய்தார்கள். ஜான் வாக்கர் வாடிக்கையாளர் கேட்ட மாதிரி கலந்து கொடுத்தார். பின்னால் ‘வாக்கர்ஸ் கில்மார்னக் விஸ்கி’ என்று தன் ஊர், தன் பெயர் போட்டு விற்றார்.

1833-ல் எலிசபெத் பர்வ்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1837-ல் மகன் அலெக்சாண்டர் பிறந்தான். 1843-ல் கிளாஸ்கோவிலிருந்து கில்மார்னக்குக்கு ரயில் வந்தது. கம்பள நெசவுக்குப் பெயர் போன ஊர், அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகப் போன நேரத்தில் 1852-ல் வெள்ளம் ஊருக்குள் புகுந்து கடையின் சரக்கு அத்தனையையும் நாசமாக்கியது. அவருக்கு அப்போது சுமார் 47 வயதுதான். 32 வருஷ உழைப்பு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஐந்து வருஷம் கழித்து, 1857 அக்டோபரில், 52 வயதில் இறந்தார். அப்போது கடையின் வருமானத்தில் விஸ்கியின் பங்கு சுமார் 8 சதவீதம். மிச்சம் 92 சதவீதம் மளிகையும் மற்றதும். சாகும்போது அவர் ஒரு விஸ்கி அதிபர் இல்லை, விஸ்கியும் விற்ற ஒரு கடைக்காரர்.

மண்டை உடைந்த கலால் அதிகாரி

இப்போது அந்த இன்னொருத்தர். பெயர் ஏனியஸ் காஃபி. அயர்லாந்தில் கலால் அதிகாரி. நம்ம ஊரில் மதுவிலக்குப் போலீஸ் கள்ளச்சாராய ஊறலைத் தேடி மலைக்குப் போகிற மாதிரி, அவரும் டொனகல் பகுதியில் கள்ளச்சாராயம் பிடிக்கப் போனார். 1810-ல் கும்பல் ஒன்று அவரை மண்டை உடையும் அளவுக்கு அடித்துப் போட்டது. பிழைத்தார். பதவி உயர்வு பெற்றார். 1824-ல் வேலையை விட்டார். பிறகு, இத்தனை வருஷம் சோதனை போட்டுப் பார்த்த தொழிலையே கையில் எடுத்து, 1830-ல் ஒரு வாலைக்கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்.

அந்தக் கருவி ஏன் முக்கியம் என்று புரிய, பீரிலிருந்து ஆரம்பிக்கலாம். பீர் குடிப்பவர்களுக்கு இது வசதியும்கூட, ஏனென்றால் விஸ்கியும் கிட்டத்தட்ட பீராகத்தான் தொடங்குகிறது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான நீரை வடித்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கிறார்கள். சுமார் 8 சதவீத ஆல்கஹாலோடு ஒரு திரவம் கிடைக்கும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் மட்டும் இதில் கிடையாது. இதைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் விஸ்கி.

பழைய முறையில் காய்ச்சுவது ஒரு பெரிய செம்பு அண்டாவில். இட்லியை ஈடு ஈடாக எடுக்கிற மாதிரிதான். ஒரு ஈடு முடிந்ததும் அண்டாவைக் கழுவி அடுத்த ஈடு. ஆல்கஹாலோடு சேர்ந்து தானியத்தின் எண்ணெய், வாசனை, காரம் எல்லாம் ஆவியில் ஏறி வரும். அதனால் சரக்கில் குணம் அதிகம், முரட்டுத்தனமும் அதிகம்.

காஃபியின் கருவி வேற மாதிரி. உயரமான இரண்டு கோபுரங்கள். மேலிருந்து புளித்த திரவம் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும், நடுவில் ஓட்டை போட்ட தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு காய்ச்சல் நடந்த மாதிரி. நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வரும் ஸ்பிரிட் 90 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால். வாசனை குறைவு, விலையும் குறைவு. பார்லி மால்ட் மட்டும்தான் வேண்டும் என்றில்லை, சோளமோ கோதுமையோ போதும்.

சொந்த ஊர்க்காரர்கள் இதைக் கேவலமாகப் பார்த்தார்கள். டப்ளினின் பெரிய டிஸ்டில்லரிகள், ருசியே இல்லாத இதை விஸ்கி என்று சொல்லவே கூடாது என்று ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். இந்த ஒரு முடிவால் அடுத்த நூறு வருஷத்தில் உலக விஸ்கிச் சந்தை அயர்லாந்து கையிலிருந்து ஸ்காட்லாந்து கைக்குப் போனது என்று சொன்னால் முழுக்கச் சரியாக இருக்காது, போர், அமெரிக்க மதுவிலக்கு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பெரிய காரணங்களில் இது ஒன்று.

1860: சட்டம் திறந்த கதவு

முரட்டு மால்ட் விஸ்கி ஒரு பக்கம், மென்மையான தானிய விஸ்கி இன்னொரு பக்கம். இரண்டையும் வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கில் வைத்துக் கலக்க 1860-ல் சட்டம் அனுமதித்தது. அதற்கு முன் ஒவ்வொரு பீப்பாய்க்கும் வரி கட்டி வெளியே எடுத்துத்தான் கலக்கணும். சின்னக் கடைக்கு அது பரவாயில்லை, பெரிய வியாபாரத்துக்குக் கட்டுபடியாகாது. எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் இந்தக் கலவையில் முன்னோடி. கில்மார்னக்கில் அதைப் பிடித்துக்கொண்டவர் ஜான் வாக்கரின் மகன் அலெக்சாண்டர்.

அப்பா இறந்தபோது அவருக்கு 20 வயது. சில்லறை வியாபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, மொத்தமாக விஸ்கியை ஏற்றுமதி செய்ய இறங்கினார். சதுர பாட்டில் அவர் காலத்தில் வந்தது. ஒரே பெட்டியில் அதிக பாட்டில் அடுக்கலாம், கப்பலில் உடைவதும் குறையும். லேபிளை 24 டிகிரி சாய்த்து ஒட்டினார், எழுத்தைப் பெரிதாகப் போடலாம் என்பதற்காக. 1867-ல் ‘ஓல்ட் ஹைலேண்ட் விஸ்கி’ என்ற கலவையின் லேபிளைப் பதிவு செய்தார். அவர் தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் காலத்தில் விஸ்கியின் பங்கு 8 சதவீதத்திலிருந்து 90-க்கு மேல் போயிருந்தது.

‘ஜானி வாக்கர்’ என்ற பெயரே பேரன்கள் வைத்ததுதான். 1908-ல் டாம் பிரவுன் என்ற கார்ட்டூனிஸ்ட் தொப்பியும் பூட்ஸும் கைத்தடியுமாக நடந்துபோகும் ஆளை வரைந்தார். 1909-ல் ரெட் லேபிள், பிளாக் லேபிள் என்று பெயர் மாறியது. மக்கள் ஏற்கெனவே லேபிள் நிறத்தைச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாத்தா இறந்து அப்போது 50 வருஷத்துக்கு மேல். படத்தில் இருக்கும் அந்தக் கனவான் 1820-ன் மளிகைக்கடைப் பையன் மாதிரி கொஞ்சமும் இல்லை.

அதே சமயத்தில் லண்டனில் ஒரு சண்டை நடந்தது. இஸ்லிங்டன் உள்ளாட்சி நிர்வாகம், காஃபி கருவியில் வந்த ஸ்பிரிட்டை விஸ்கி என்று விற்பது மோசடி என்று 1905-ல் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தும் விட்டது. கலவை வியாபாரிகளுக்கு உயிர் போகிற விஷயம். கடைசியில் ராயல் கமிஷன் உட்கார்ந்து, 1909-ல் அதுவும் விஸ்கிதான் என்று முடிவு சொன்னது. இன்று உலகில் விற்கும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கலவை என்பதால், நாம் ஸ்மூத் என்று சொல்வதற்குப் பின்னால் ருசி மட்டும் இல்லை, ஒரு கோர்ட் கேஸும் இருக்கிறது.

சரி, பீரிலிருந்து மாறுபவர் என்ன பார்க்கணும்?

முதலில் இந்தியாவில் இருக்கும் குழப்பம். இங்கே பல விலை குறைந்த விஸ்கிகளின் அடிப்படை, மொலாசஸ் எனப்படும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த நியூட்ரல் ஸ்பிரிட். நம் விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்க முடியாது, தானியத்திலிருந்து வந்திருக்கணும். காஃபியின் கோபுரத்தை ஒரு எல்லைக்கு மேல் கொண்டுபோனால் இதுதான் கிடைக்கும்: ருசியே இல்லாத சுத்தமான ஆல்கஹால். அதில் கொஞ்சம் மால்ட்டும் நிறமும் வாசனையும் சேர்த்தால் தொண்டையில் எரியாமல் இறங்கலாம். ஆனால் அது பீப்பாயில் காத்திருந்ததால் வந்த மென்மை இல்லை. லேபிளின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் படிங்க. ஸ்காட்ச் என்று போட்டால் குறைந்தது மூன்று வருஷம் ஓக் பீப்பாயில் இருந்திருக்கணும். 12 என்று எண் போட்டால், கலவையில் இருப்பதிலேயே இளைய விஸ்கியின் வயது அது. சராசரி இல்லை.

அடுத்தது புகை. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகள் பலவற்றில் பார்லியைப் பீட் என்ற கரிமண் புகையில் காயவைப்பார்கள். முதல் முறை குடிப்பவருக்கு ஆஸ்பத்திரி வாசனை மாதிரி இருக்கும். பிளாக் லேபிளிலும் லேசான புகை உண்டு. ரெட் லேபிள் கொஞ்சம் காரமானது, சோடாவோடு கலப்பதற்கென்றே பொருத்தமானது. அதனால், டேபிளில் முதல் பதிலாக வரும் ஜானி வாக்கர், பீர்காரருக்கு மிக மென்மையான தேர்வு என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று முறை காய்ச்சும் ஐரிஷ் விஸ்கியோ, புகை இல்லாமல் பர்பன் பீப்பாயில் வளர்ந்த இனிப்பான ஸ்காட்ச் கலவையோ அதைவிடச் சுலபமாக இறங்கும். காஃபியை ஒதுக்கிய அயர்லாந்து இன்று அவருடைய கருவி மாதிரியான கோபுரத்தில் வந்த தானிய விஸ்கியைக் கலந்துதான் பெரும்பாலும் விற்கிறது என்பது வேற கதை.

இனி முக்கியமான கணக்கு. இதை நான் ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் உறைத்தது.

5 சதவீத பீர் ஒரு பெரிய பாட்டில், 650 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 32.5 மில்லி. இந்தியாவில் விஸ்கி பொதுவாக 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் 25.7 மில்லி. அதாவது அரை மணி நேரம் குடிக்கிற பீரில் முக்கால் பங்குக்கு மேல், இரண்டு வாய் அளவில் உள்ளே போய்விடும். ஒரு குவார்ட்டர், 180 மில்லி, 77 மில்லி ஆல்கஹால். இது அதே பீரில் இரண்டேகால் பாட்டிலுக்கும் அதிகம். பீர் குடிப்பவர் வயிறு நிறைவதை வைத்து அளவு பார்த்துப் பழகியவர். விஸ்கியில் வயிறு சொல்லாது. எரிச்சலாவது கொஞ்சம் எச்சரிக்கும். ஸ்மூத்தான விஸ்கியில் அந்த எச்சரிக்கையும் இல்லை. புதிதாக மாறுபவர்கள் முதல் ராத்திரியே கவிழ்வது பெரும்பாலும் இதனால்தான், பிராண்டால் இல்லை.

அதனால் பீர் கைக்குப் பழகின அளவிலேயே விஸ்கியைக் கொண்டுவருவது நல்லது. 30 மில்லியில் 120 மில்லி சோடா சேர்த்தால் 8.6 சதவீதம், ஸ்ட்ராங் பீருக்குச் சற்று மேல். 220 மில்லி சோடா சேர்த்தால் சுமார் 5 சதவீதம், மைல்ட் பீர். பெரிய கிளாஸ், நிறைய ஐஸ், ஒரு எலுமிச்சைத் துண்டு. ஜப்பான்காரர்கள் சாப்பாட்டோடு குடிக்கும் ஹைபால் இதுதான். ராவாக அடித்தால்தான் விஸ்கி என்பதெல்லாம் சினிமா.

ஒரு விஷயத்தையும் மறைக்க முடியாது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்மூத் என்ற சொல் தொண்டைக்கு, கல்லீரலுக்கு இல்லை.

கில்மார்னக்கில் மிச்சம்

வாக்கர் குடும்பத்தின் கம்பெனி 1925-ல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனியோடு சேர்ந்தது. 1986-ல் அதை வாங்கியது கின்னஸ். ஆமாம், பீர் கம்பெனி. 1997-ல் அது டியாஜியோ ஆனது. 2022-ல் ஸ்காட்ச் ஏற்றுமதியில் எண்ணிக்கை அடிப்படையில் பிரான்ஸைத் தாண்டி இந்தியா முதலிடத்துக்கு வந்தது: 21.9 கோடி பாட்டில். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின்படி, 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75-க்கும், பத்து வருஷத்தில் 40-க்கும் இறங்கணும்.

இந்தச் சந்தை வளரும்போது கில்மார்னக் அதில் இல்லை. 2009-ல், ஊரில் இருந்த பாட்டிலிங் ஆலையை மூடப்போவதாக டியாஜியோ அறிவித்தது. சுமார் 700 பேர் வேலை. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். முடிவு மாறவில்லை. 2012-ல் ஆலை மூடப்பட்டது. ஆலை இருந்த ஹில் ஸ்ட்ரீட் இடத்தில் 2016-லிருந்து ஒரு கல்லூரி நடக்கிறது. ஜான் வாக்கர் கல்லாவில் உட்கார்ந்த வயதைத் தாண்டிய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.